மஞ்சள் சமையலறை

ஃபிரிட்ஜின் கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

நோரீன் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒரு மணி. ஜன்னலுக்கு வெளியே பனி முழங்கால் உயரம் கிடந்தது. வீட்டுக்குள் கதவுக் குமிழ், தண்ணீர்க் குழாய், கரண்டி என்று இரும்பாகப் பிறந்த எதைத் தொட்டாலும் விரல் விறைத்தது. இந்த ஒன்று மட்டும், யாரோ வெகுநேரம் இறுகப் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் விட்டுப்போனதைப் போல, உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. அந்த ஃபிரிட்ஜுக்கு இன்னும் மின்சாரம்கூடக் கொடுக்கவில்லை.

"வெண்டல், இந்தக் கைப்பிடியை இப்ப நீ தொட்டியா?"

"காலையிலயே பாலிஷ் போட்டாச்சு," என்று மாடியிலிருந்து குரல் வந்தது. அவன் கழுத்துப்பட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். "அதுல கை வைக்காதே நோரீ. ரேகை விழும். நாலு மணிக்குப் பத்திரிகைக்காரன் வர்றான்."

அவள் ஏப்ரனின் நுனியால் கைப்பிடியைத் துடைத்துவிட்டு அடுப்பின் பக்கம் போனாள். உள்ளே மாட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது. வெங்காயமும் கொழுப்பும் கலந்த வாசனை வீடு முழுக்கப் பரவியிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, புதுப் பெயின்ட் வாசனை. அதற்கும் அடியில் ஒன்று இருந்தது. நனைந்த கம்பளியைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, வருடக்கணக்கில் மறந்துவிட்டால் வருமே, அப்படி. மூன்று வாரமாக அவள் சமையல் சோடா போட்டுக் கழுவிப் பார்க்கிறாள், அது போகவில்லை.

சமையலறை முழுக்க மஞ்சள். அலமாரி, மேஜை, நாற்காலி, சுவர் எல்லாமே வெண்ணெய் மஞ்சள். எதிர்ச்சுவரில் அந்தப் படம் தொங்கியது. ஊர்ப் பத்திரிகையில் 1955ஆம் வருடம் வந்த முழுப்பக்க விளம்பரம் அது. அன்றைக்கு ஊரிலிருந்த மின்சாதனக் கடைக்காரர் கொஞ்சம் கைச்சுருக்கம். பட்டணத்து அழகிகளைக் கூட்டிவந்து படம் எடுக்காமல், தன்னிடம் ஃபிரிட்ஜும் அடுப்பும் வாங்கிய குடும்பங்களையே அவரவர் வீட்டில் நிற்க வைத்துப் படம் எடுத்துப் போடுவார். ஒஹாயோவின் தொழிற்சாலை ஊர்களில் அதற்கு ஒரு மவுசு இருந்தது. விளம்பரத்தில் வந்த குடும்பத்தைச் சர்ச்சில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

படத்தில் வெண்டலின் அம்மா ஐலா, முத்துமாலையும் ஏப்ரனுமாக ஃபிரிட்ஜின் பக்கத்தில் நின்றாள். அவள் வலது கை கைப்பிடியின் மேல் இருந்தது, இப்போதுதான் திறக்கப்போகிறாள் என்பது போல. பின்னால் நின்ற அவன் அப்பா ஹார்லன், மனைவியின் கையின் மேல் மோதிரம் போட்ட தன் கையை வைத்திருந்தார். பார்த்தவர்களெல்லாம் என்ன பிரியம் என்றார்கள். மேஜையில் ஏழு வயது வெண்டல், ஈரத்தலையை வாரிவிட்டுக்கொண்டு, காதுக்குக் காது சிரித்தான். கீழே பெரிய எழுத்தில், 'ஸ்ட்ரேயர் வீட்டில் எல்லார் முகத்திலும் சிரிப்பு. உங்கள் வீட்டில்?' என்று இருந்தது.

ஆள் மூன்று. மேஜையில் தட்டு நாலு.

கல்யாணமான புதிதில் அவள் கேட்டிருந்தாள்.

"நாலாவது தட்டு யாருக்கு?"

"தம்பிக்கு. ரஸல். நாலு வயசு. அன்னிக்கு அவனுக்கு உடம்பு சரியில்ல. அந்த வாரமே போயிட்டான். போலியோ." மனப்பாடப் பாட்டை ஒப்பிக்கிற பிள்ளையைப் போல வெண்டல் கண் சிமிட்டாமல் சொன்னான். உடனே அவன் முகம் மலர்ந்தது. "ஆனா அன்னிக்கு நாங்க எல்லாரும் எப்படிச் சிரிச்சோம் பாரேன். அந்த மாதிரி இப்ப யாரு சிரிக்கிறாங்க?"

"அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்குச் சிரிக்கறதுதானே வேலை," என்றாள் நோரீன். அப்போது அவனும் சிரித்தான். அப்போதெல்லாம் கேலி செய்ய முடிந்தது.

ஒளிக்காமல் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் படம் அவளுக்கும் பிடித்திருந்தது. அதுதான் வெட்கக்கேடு. சக்கரம் வைத்த தகர வீட்டில் வளர்ந்தவள் அவள். டாக்டர் வீட்டுப் பழைய பத்திரிகைகளில், கையில் கேக்கோடு நிற்கிற பெண்களை வெட்டித் தன் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தாள். முதல் புருஷன் ஓடிப்போன பிறகு, ஆறு வயது லிண்டியோடு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவளின் காரை, ஒரு குளிர்கால மாலையில் கேட்காமலே பழுது பார்த்துக் கொடுத்தான் வெண்டல். அடுப்புத் தொழிற்சாலையில் மேஸ்திரி, சொந்த வீடு, சுத்தமான நகம். கேக்குப் பெண்களின் உலகத்துக்கு யாரோ கதவைத் திறந்துவிட்டதாகவே அவள் நினைத்தாள்.

ஒரு வசந்தத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். அதே வசந்தத்தில் ஐலாவும் செத்துப்போனாள். வேலையற்ற வெண்டல் தன் அம்மாவின் நிலவறையிலிருந்து அந்தச் சமையலறையை ஆணி ஆணியாகக் கழற்றி எடுத்துவந்தான். எல்லாம் இருந்தது, ஃபிரிட்ஜுக்குக் கதவு மட்டும் இல்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. உள்ளிருந்து திறக்க முடியாத அந்தக் கொண்டிக் கதவுகளில் எத்தனையோ குழந்தைகள் மூச்சடைத்துப் போனதால், பழைய ஃபிரிட்ஜை ஓரங்கட்டினால் முதலில் கதவைக் கழற்றிவிடுவது அந்த ஊர்ப் பக்கத்தில் வழக்கம். கழற்றாமல் வாசலில் வைத்தால் போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டுவார். ஆனால் கழற்றியவர்கள் கதவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஐலா எறியவில்லை. நிலக்கரி அறையின் கடைசி மூலையில், இரண்டு கம்பளியில் சுற்றி, துணிக்கயிற்றால் பதினெட்டு முடிச்சுப் போட்டு, உட்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி சாத்திவைத்திருந்தாள்.

"அதை மாட்டாதே வெண்டல். குழந்தை இருக்கிற வீடு."

"லிண்டி என்ன பூனைக்குட்டியா, கண்ட இடத்துல புகுந்துக்க? படத்துல கதவு இருக்கு, நோரீ."

மாட்டினான். கதவின் உட்பக்கம், கீழே, ஒரு நாலு வயதுப் பிள்ளையின் முகம் வருகிற உயரத்தில், பீங்கான் பூச்சில் கீறல்கள் இருந்தன. ஐந்து ஐந்தாக. அவன் வெள்ளைப் பெயின்ட் அடித்தான். மறுநாள் பெயின்ட்டுக்கு மேலே கீறல் வந்தது. மறுபடியும் அடித்தான், மறுபடியும் வந்தது. பழைய இரும்பு அப்படித்தான் வெடிக்கும் என்றான். கீறலின் ஓரத்தில் பெயின்ட் சுருண்டு நின்றதை நோரீன் பார்த்தாள். வெடித்த பெயின்ட் அப்படிச் சுருளாது. நகத்தால் சுரண்டினால் சுருளும்.

நவம்பரில்தான் அவன் முதல்முறை கை வைத்தான். அடிக்கவில்லை. அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கட்டைவிரல்களை வாயின் இரண்டு ஓரத்திலும் வைத்து, எலும்பு நோக மேல்நோக்கி அழுத்தினான். "இப்படி. அம்மா இப்படித்தான் சிரிப்பாங்க." நீலம் பாய்ந்த இரண்டு வட்டத்தைப் பள்ளிக்கூடத்தில், பல் பிடுங்கினேன் என்று சொல்லிச் சமாளித்தாள். டிசம்பரில் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்துவிட்டாள். அவள் கை இழுப்பறையில் இருந்தபோது இடுப்பால் இடித்து மூடினான். சுண்டுவிரல் சுள்ளி ஒடிகிற சத்தத்தோடு ஒடிந்தது. பிறகு அவனே அழுதுகொண்டு ஐஸ் குச்சியை வைத்துக் கட்டுப்போட்டான். "படத்துல பிளாஸ்டிக் கிடையாது, கண்ணு. நான் என்ன செய்யட்டும்?"

அதனால் இப்போது காரின் பின்பெட்டியில், உதிரி டயருக்கு அடியில், ஒரு பை இருந்தது. லிண்டியின் இரண்டு சட்டை, பிறப்புச் சான்றிதழ், கென்டக்கியிலிருக்கிற அக்காவின் முகவரி. நாளைக் காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற மாதிரி கிளம்பி, பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். இன்று ஒரு நாள். பத்திரிகைக்காரன் வந்து, 'அன்றும் இன்றும்' என்று பழைய படத்தோடு சேர்த்துப் போட ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் சிரித்துவிட்டால் போதும்.

இரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது.

அவள் வினிகரில் ஊறிய பீட்ரூட் ஜாடியை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால், கனமான ஒரு பொருளுக்குள்ளிருந்து, டொக். குழாய் என்று நினைத்தாள். குளிரில் குழாய் சத்தம் போடும். டொக். டொக். குழாய் மேலே ஓடுகிறது. இது கீழே, முழங்கால் உயரத்தில் கேட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. அவசரமில்லாமல், யாராவது வந்து திறப்பார்கள் என்று இன்னும் நம்புகிற கை தட்டுவது போல இருந்தது.

"லிண்டி!"

"இங்கதான்மா இருக்கேன்." குழந்தை மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். மஞ்சள் கவுன், தலையில் நீளமான மஞ்சள் ரிப்பன். அவள் முகம் வெளுத்திருந்தது. "அவன் தினமும் தட்டுவான். நீ தூங்கப் போனப்புறம்."

"யாரு?"

லிண்டி ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

நோரீன் போய்க் கைப்பிடியை இழுத்தாள். கொண்டி நழுவி, கதவு பெருமூச்சு மாதிரி ஒரு ஓசையோடு திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கம்பித் தட்டுகளைப் புது முலாம் பூச வெண்டல் கொடுத்திருந்தான், அவை இன்னும் திரும்பி வரவில்லை. வெள்ளைப் பீங்கான் குகை. நனைந்த கம்பளி வாசனை. காலையில் அடித்த பெயின்ட்டில் ஐந்து கீறல். ஈரமாக.

அவள் மூடினாள். உள்ளங்கையில் அந்தச் சூடு ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போதே கிளம்பிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கார் சாவி வெண்டலின் கால்சட்டைப் பையில் இருந்தது.

மூன்றரை மணிக்கு அவன் இறங்கி வந்தான். எப்போதோ செத்துப்போன அப்பாவின், புகையிலை வாசனை போகாத பழைய கோட்டு, படத்தில் இருந்த அதே கோடு போட்ட கழுத்துப்பட்டை. தலையில் எண்ணெய் மினுமினுத்தது. மேஜையைச் சுற்றி வந்து, தட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் நகர்த்தி, படத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தான். நாலு தட்டு. ரோஸ்ட்டை நடுவில் வைத்தான். பக்கத்தில் இறைச்சிக் கத்தி, இரட்டைப் பல் முட்கரண்டி. பிறகு 'இது என் இடம்' என்று சொல்லி, லிண்டியை ஏழு வயது வெண்டல் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தான்.

"எங்க, சிரி பாக்கலாம்."

லிண்டி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"பல்லைக் காட்டணும்."

"மாட்டேன். முன்பல்லு விழுந்திருச்சு."

"சிரி கண்ணு. ஒரே ஒரு படம்."

"நீங்க சொன்னா நான் சிரிக்க மாட்டேன். அவனையும் இப்படித்தான் சொன்னாங்களாம்."

வெண்டலின் கை நின்றது. "யாரை?"

"உள்ள இருக்கிறவனை."

அவன் குனிந்து அவள் தாடையைப் பிடித்தான். கட்டைவிரல்கள் வாய் ஓரத்துக்குப் போயின. குழந்தை வீறிட்டாள். நோரீன் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். திரும்பிப் பார்க்காமலே முழங்கையால் அவள் வாயில் ஒன்று வைத்தான். பல் உதட்டைக் கிழித்தது. அவள் அலமாரியில் போய் மோத, பீட்ரூட் ஜாடி விழுந்து நொறுங்கிச் சிவப்புச் சாறு தரையெல்லாம் ஓடியது. எழ முயன்றாள். வயிற்றில் உதைத்தான். மறுபடியும் உதைத்தான். பாலிஷ் போட்ட சப்பாத்து. மூச்சு வரவில்லை. கண்ணாடித் துண்டு உள்ளங்கையில் ஏறியது.

"கவுனைக் கறையாக்கிட்டியே," என்றான். நிஜமாகவே வருத்தத்தோடு சொன்னான்.

தரையிலிருந்தபடி அவள் பார்த்தாள். லிண்டியை இடுப்பில் பிடித்துத் தூக்கினான். உதறிய கால்களை மடக்கினான். வெள்ளைக் குகைக்குள் வைத்தான். கதவை மூடினான்.

டக்.

பிறகு வந்து உட்கார்ந்து, மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டான். உள்ளிருந்து அலறல் வந்தது. பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருவது போல, வெகு தூரத்திலிருந்து.

"படம் எடுத்து முடியற வரைக்கும்தான்," என்றான். "ரஸல்கூட முதல்ல இப்படித்தான் கத்தினான். அப்பா சொன்னார், சிரிக்காத பிள்ளை படத்துல எதுக்குன்னு. கொஞ்ச நேரந்தான். அப்புறம் சத்தமே இல்ல. அம்மா எவ்வளவு நல்லாச் சிரிச்சாங்க, பாத்தியா?"

நோரீன் படத்தைப் பார்த்தாள்.

கைப்பிடியின் மேல் ஐலாவின் கை. ஒரு இழுப்பு போதும். ஒரே ஒரு இழுப்பு. அந்தக் கையின் மேல் ஹார்லனின் கை. பிரியமில்லை. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவ்வளவு அழுத்தம். ஐலா சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது வெண்டல் சிரித்துக்கொண்டிருந்தான். காதுக்குக் காது. அவர்களுக்குப் பின்னால், அந்த வெள்ளைக் கதவுக்குள்.

அவள் எழுந்தது அவளுக்கே தெரியாது. முட்கரண்டி கையில் இருந்தது. வெண்டல் நிமிர்ந்து, அதை இடது பக்கம் வை என்று சொல்ல வாயெடுத்தான். அவன் கையோடு சேர்த்து மேஜையில் குத்தினாள். பல் இரண்டும் மரத்தில் இறங்கின. அவன் ஊளையிட்டான். அவள் திரும்பவில்லை. ஓடினாள், வழுக்கினாள், கைப்பிடியைப் பிடித்தாள்.

சூடு. கொதிக்கிற சூடு.

இழுத்தாள். லிண்டி உருண்டு வெளியே விழுந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இருமினாள். மூச்சு விட்டாள். தலையில் ரிப்பன் இல்லை.

"உள்ள இன்னொருத்தன் இருக்கான்மா," என்றாள். "இருட்டுல என்னைக் கட்டிக்கிட்டான். என் ரிப்பனைப் பிடிச்சுக்கிட்டான். விட மாட்டேங்கறான்."

பின்னால் மரம் கிறீச்சிட்டது. வெண்டல் முட்கரண்டியைப் பிடுங்கிவிட்டான். கத்தி அவன் மறுகையில் இருந்தது. ரத்தம் கழுத்துப்பட்டையில் சொட்ட வந்தான். நோரீன் குழந்தையைத் தன் பின்னால் தள்ளினாள். முடிந்தது என்று நினைத்தாள்.

திறந்து கிடந்த ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து, டொக் டொக் டொக்.

அவன் நின்றான். முகத்திலிருந்து முப்பது வருடம் கழன்று விழுந்தது.

"ரஸல்?"

கத்தி தரையில் விழுந்தது. அவன் முட்டி போட்டான். தலையை உள்ளே நீட்டினான். "டேய், அழாதேடா. அண்ணன் வந்துட்டேன். படம் எடுத்தாச்சு. வெளிய வாடா."

தோளும் உள்ளே போனது. ஏதோ ஒன்றை எட்டிப் பிடிக்கிறவன் போல, இன்னும் உள்ளே.

நோரீன் இரண்டு காலையும் சுவரில் ஊன்றி அவனை உள்ளே தள்ளினாள். முதுகைக் கதவுக்குக் கொடுத்து மூடினாள். மூடவில்லை. அவன் கணுக்கால் இடையில் இருந்தது. திறந்து அடித்தாள். அவன் கத்தினான். திறந்து அடித்தாள். எலும்பு நொறுங்கியது. திறந்து அடித்தாள். கால் உள்ளே சுருண்டது.

டக்.

கதவு அதிர்ந்தது. உள்ளே அவன் முட்டினான், உதைத்தான், அவள் பெயரைச் சொல்லிக் கெஞ்சினான். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடிக்கத் தேவையில்லை. கொண்டி விழுந்தாயிற்று. ஆனாலும் நின்றாள். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. லிண்டி தானாகவே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

முட்டுவது மெதுவாகியது. கெஞ்சல் மூச்சிரைப்பானது. பிறகு அதுவும் இல்லை.

வெளியே பனியில் கார் டயர் நசுங்கும் சத்தம்.

அந்த ஊரில் யாரும் முன்வாசலில் வருவதில்லை. பக்கக் கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவார்கள். பத்திரிகைக்காரர் டில்மன், கழுத்தில் கேமராவும் சப்பாத்தில் பனியுமாக, சமையலறைக்குள் வந்து நின்று வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! எங்கம்மா வீட்டுக்கே வந்துட்ட மாதிரி இருக்கு, மிஸஸ் ஸ்ட்ரேயர். ஐயோ, பீட்ரூட்டைக் கொட்டிட்டீங்களா? எங்க வீட்டுலயும் கிறிஸ்மஸ் அன்னிக்கு இதே கூத்துதான். கவலைப்படாதீங்க. கறுப்பு வெள்ளைப் படம். ஒண்ணும் தெரியாது. வெண்டல் எங்க?"

உள்ளே மூச்சு இன்னும் இருக்கலாம். இப்போது அவள் தனியாக இல்லை. பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை நிற்கிறார், தெருவில் கார் இருக்கிறது. திறந்துவிடலாம். போலீசைக் கூப்பிடச் சொல்லலாம். தான் கொலைகாரி இல்லை என்று நோரீனுக்குத் தெரியும். ஒரு இழுப்பு. ஒரே ஒரு இழுப்பு.

அவள் இழுத்தாள். கை அசையவில்லை.

அவள் கையின் மேல் இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. கனமாக. அதன் மோதிரம் அவளுடைய ஒடிந்த சுண்டுவிரலில் அழுத்தியது. பிடரியில் பழைய புகையிலை வாசனை. வாயின் இரண்டு ஓரத்திலும் எதுவோ அழுத்த, கிழிந்த உதடு மெல்ல மேலே ஏறியது.

"வருவார்," என்றது அவள் வாய்.

"அப்ப உங்களை முதல்ல எடுத்துக்கறேன். அப்படியே நில்லுங்க. கைப்பிடி மேல கை, அருமை! பழைய படத்துல இருக்கற மாதிரியே." டில்மன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். "பாப்பா, நீ சிரிக்க மாட்டியா?"

லிண்டி அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே, அங்கே நின்ற எதையோ, அதன் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். முன்பல் இல்லாத ஓட்டை தெரிய, காதுக்குக் காது.

வெளிச்சம் வெட்டியது.

டொக். டொக். டொக்.

"குழாய் உறைஞ்சு போச்சு போல," என்றார் டில்மன், ஃபிலிமைச் சுற்றிக்கொண்டே. "இன்னொண்ணு. யாரும் அசையாதீங்க."

நோரீன் சிரித்தபடி கீழே பார்த்தாள். கதவின் அடி இடுக்கில் லிண்டியின் மஞ்சள் ரிப்பன் ஒரு முழம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அது மெல்ல, விட்டு விட்டு, சின்னக் கை ஒன்று இழுக்கிற மாதிரி, உள்ளே போய்க்கொண்டிருந்தது.